சத்தம் போடாத குதிரை

வகுப்பில் மின்சாரப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஸார், பாட்டரி வண்டியால் மலை ஏற முடியுமா?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. அவனுடைய தகப்பனார் புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டர், முந்தின வாரம் மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டதும், தகப்பனாரும் பிள்ளையுமாக அதைத் தள்ளிக்கொண்டு வந்ததும் ஊரறிந்த சமாசாரம்.

ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளக் கூடியதன்று. மலை ஏறுவது மட்டுமல்ல, சேற்றிலே புரண்டு, பாறையிலே தாவி, இரண்டு ஆள் உயரத்திலிருந்து தரையில் குதிக்க வேண்டிய மோட்டார் சைக்கிளைப் பாட்டரியைக் கொண்டே ஓட்டிக் காட்டுகிறோம் என்று புறப்பட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் அப்படிப் புறப்பட்ட ஒரு சிறு கம்பெனியின் கதை, அந்த மாணவனுக்கு மட்டுமின்றி, அவனைப் பெற்றவர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

மூவர் கூடினர்

2010-ம் வருஷத்தில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். டெரெக் டோரஸ்டைன் என்பவர் உலோகத்தை நுட்பமாகக் கடைந்து பாகங்கள் செய்வதில் கைதேர்ந்தவர்; மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடியவர். ஜெப் ஸாண்ட் பொருள்களுக்கு உருவமைக்கும் கலைஞர். மார்க் பெனிக்ஸ்டைன் வியாபாரப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். முதலில் பி.ஆர்.டி. என்ற பெயருடன் நடந்த கம்பெனி, 2014-ல் ‘ஆல்ட்டா மோட்டார்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குத் தெற்கே பிரிஸ்பேன் என்னும் சிற்றூரில் தொழிற்சாலையை அமைத்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனை நினைத்துக்கொண்டு நேயர்கள் பூகோளப் படத்தைப் புரட்ட வேண்டாம், இது வேறு.

மின்சார வண்டி செய்ய விரும்புகிறவர்கள் சாலையில் ஓடும் சாதுவான வண்டியிலிருந்தல்லவா தொடங்குவார்கள்? இவர்கள் ஏன் கரடுமுரடான நிலத்தில் ஓடும் பந்தய வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள்?

காரணம் யோசித்துப் பார்த்தால் விளங்கும். சாலையில் செல்கிறவனுக்குத் தூரம் முக்கியம். நூறு மைல் போனபின் பாட்டரி தீர்ந்துவிட்டால் அவன் நடுவழியில் நிற்பான். மண் தடத்தில் பந்தயம் ஓடுகிறவன் எங்கும் போவதில்லை. ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறான். பெரிய பந்தயத்தில்கூட ஓர் ஓட்டம் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். அந்த அரை மணியில் அவனுக்கு வேண்டியது பலமும், வேகமும், லேசான உடலும். பாட்டரிக்குத் தூரம் பலவீனம். உடனடிச் சக்தி பலம். பலவீனம் வெளிப்படாத இடத்தில், பலம் பளிச்சென்று தெரிகிற களத்தில் போய் நிற்பது சாமர்த்தியமல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் பந்தய வண்டியின் இரைச்சல் அண்டை அயலாரைத் தூங்கவிடாது. அந்தக் கூச்சலுக்காகவே பல தடங்கள் ஊருக்கு வெகு தூரத்துக்குத் துரத்தப்பட்டிருக்கின்றன. சத்தம் போடாத வண்டி என்றால் ஊரை ஒட்டியே தடம் அமைக்கலாம். பிள்ளைகள் மாலை வேளையில் போய்ப் பழகலாம்.

பெட்ரோலும் பாட்டரியும்

இனிச் சிறிது கணக்குப் போட வேண்டும். நேயர்கள் பயப்பட வேண்டாம். வீட்டு மின்சார பில்லைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

நாம் மாதந்தோறும் பணம் கட்டும் ‘யூனிட்’ என்பது ஒரு கிலோவாட் மணி. ஆல்ட்டா கம்பெனியின் ‘ரெட்ஷிப்ட்’ என்னும் வண்டியில் இருந்த பாட்டரியின் கொள்ளளவு 5.8 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் சக்தியோ ஏறக்குறைய 9 யூனிட். அப்படியானால் முப்பது கிலோவை ஒட்டிய எடையுள்ள அந்தப் பாட்டரி முழுவதிலும் இருக்கும் சக்தி, முக்கால் லிட்டருக்கும் குறைந்த பெட்ரோலில், அதாவது அரைக் கிலோ எடையில் அடங்கிவிடும்! இதைப் பார்த்தால், மாணவர்கள் சிரித்தது நியாயந்தான் என்று தோன்றும்.

ஆனால் பெட்ரோல் ஒரு ஊதாரி. எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெறும் உஷ்ணமாகக் காற்றில் போய்விடுகிறது; கால் பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும். மின்சார மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே 5.8 யூனிட் பாட்டரி செய்யும் வேலை, இரண்டேகால் லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்குச் சமமாகிறது. பந்தய வண்டியின் பெட்ரோல் தொட்டி ஆறேழு லிட்டர் கொள்ளும். இப்பொழுது வித்தியாசம் மூன்று மடங்காகக் குறைந்துவிட்டது. அரை மணி நேர ஓட்டத்தில் அதைச் சமாளித்துவிடலாம் என்பதுதான் அந்த மூவரின் நம்பிக்கை.

பெட்டிக்குள் இருந்த வித்தை

மோட்டாரைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. ரெட்ஷிப்ட் வண்டியின் மோட்டார் ஒற்றைக் கையால் தூக்கக் கூடியது. நிமிஷத்துக்கு 14,000 சுற்று வரை சுழன்று 40 குதிரைச் சக்தி தந்தது. அதற்குக் கிளட்சும் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. கைப்பிடியைத் திருகினால் ஓடும், அவ்வளவுதான். பழகாதவனுக்குச் சாதுவாகவும் பழகினவனுக்கு முரடாகவும் நடந்துகொள்ளும்படி நான்கு விதமான நடைகளை அதில் அமைத்திருந்தார்கள்.

கஷ்டமெல்லாம் பாட்டரியில்தான். லித்தியம் அயான் பாட்டரி 1991-ல் ஜப்பானில் ஸோனி கம்பெனியால் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. அதற்கு அடிகோலிய குட்எனப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. கையில் வைத்துப் பேசும் டெலிபோனிலும், மடியில் வைத்து எழுதும் கம்ப்யூட்டரிலும் அது சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதையே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் குழியிலும் மேட்டிலும் குதிக்க வைத்தால் என்ன ஆகும்?

பாட்டரி என்று நாம் ஒருமையில் சொன்னாலும், உள்ளே இருப்பது ஒரு கூட்டுக் குடும்பம். ஒரு செல் தருவது மூன்றரை வோல்ட்டுக்குச் சிறிது அதிகம். ரெட்ஷிப்ட் பாட்டரி 350 வோல்ட் தரத்தைச் சேர்ந்தது. அந்த அளவு வரவேண்டுமானால் எண்பது, நூறு செல்களைத் தொடராகக் கோக்க வேண்டும். போதிய சக்தி சேரவேண்டுமானால் அப்படிப்பட்ட தொடர்கள் பலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் இணைக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் சோர்ந்தால் மற்றவர்மேல் பாரம் விழும். ஒருவருக்கு உஷ்ணம் ஏறினால் பக்கத்திலிருப்பவருக்கும் தொற்றும். மிகவும் மிஞ்சினால் தீப்பற்றும். அந்தத் தீ எளிதில் அணையாது. ஆகையால் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் உஷ்ணத்தையும் கவனித்து, வேண்டியபோது ஓட்டத்தை அடக்குவதற்கு ஒரு மின்னணுக் காவல்காரன் உள்ளேயே அமர்ந்திருக்க வேண்டும்.

350 வோல்ட் எதற்கு, 48 வோல்ட் போதாதா என்று கேட்கலாம். 40 குதிரைச் சக்தி என்பது ஏறக்குறைய 30,000 வாட். 350 வோல்ட்டில் அதைக் கொடுக்க 85 ஆம்பியர் ஓடினால் போதும். 48 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமானால் 620 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். கம்பியில் வீணாகும் உஷ்ணம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறோமே, அந்த விதி இங்கே வந்து நிற்கிறது. அதே கம்பியானால் உஷ்ணம் ஐம்பது மடங்குக்கு மேலாகும்! அதைத் தாங்கக் கம்பியைத் தடிப்பாக்கினால் வண்டி கனக்கும். கனத்தால் பந்தயத்தில் தோற்கும். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் சூத்திரம் ஒரு கம்பெனியின் தலையெழுத்தை எப்படி நிர்ணயிக்கிறது, பாருங்கள்!

அப்பால் நீர். ஓடையிலும் சேற்றிலும் போகும் வண்டிக்குள் ஈரம் நுழையலாகாது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே கசியக்கூடாது என்னும் கடுமையான அளவுகோலுக்கு அந்தப் பாட்டரிப் பெட்டியைச் செய்தார்கள். 240 வோல்ட் இணைப்பில் மாட்டினால் சில மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும்.

இத்தனை குணங்களும் ஒருங்கே உள்ள பாட்டரி அன்று கடையில் கிடைக்கவில்லை. மோட்டார் காருக்குச் செய்தது பெருத்திருந்தது; ஸ்கூட்டருக்குச் செய்தது இளைத்திருந்தது. ஆகவே செல்களை வெளியிலிருந்து வாங்கினாலும், அவற்றைக் கோத்துப் பெட்டியாக்கும் வித்தையைத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிள் செய்யப் புறப்பட்டவர்கள் பாட்டரி செய்கிறவர்களாகவும் ஆனார்கள். அந்தக் கம்பெனியின் உண்மையான சொத்து இதுதான்.

பந்தயத் தடத்தில்

வண்டி பிறந்துவிட்டது, பந்தயத்தில் எந்த வகுப்பில் சேர்ப்பது? மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் சிலிண்டரின் கொள்ளளவை வைத்தே வகுப்புப் பிரிப்பது வழக்கம். 250, 450 என்று கணக்குச் சொல்வார்கள். இதற்குச் சிலிண்டரே கிடையாது. ஜாதகம் இல்லாத பிள்ளைக்குப் பெண் தேடப் போனவர் கதையாகிவிட்டது! பெரிய பந்தயங்களின் வாசற்படியில் நெடுநாள் காத்து நிற்க வேண்டியிருந்தது.

ஆயினும் கதவு திறந்த இடங்களில் வண்டி தன் தகுதியைக் காட்டியது. 2016-ல் கலிபோர்னியாவில் போமோனா என்னும் ஊரில், வளைவே இல்லாமல் மேடும் குழியுமாகச் செல்லும் நேர்த்தடப் பந்தயம் ஒன்று நடந்தது. ஜாஷ் ஹில் என்ற வீரர் ரெட்ஷிப்ட் வண்டியில் ஏறிப் பெட்ரோல் வண்டிகளோடு போட்டியிட்டார். வழக்கமான இரைச்சல் ஏதுமில்லாமல், சங்கிலியின் ஓசையும் மண்ணில் டயர் உராயும் ஓசையுமாக ஒரு வண்டி ஆகாயத்தில் எழும்பியது ஜனங்களுக்குப் புதுக் காட்சி.

2018-ல் அதைவிடக் கடுமையான சோதனை. ஆஸ்திரியா தேசத்தில் எர்ஸ்பெர்க் என்று ஓர் இரும்புச் சுரங்க மலை இருக்கிறது. படிப்படியாக வெட்டப்பட்ட அந்த மலையில் ஆண்டுதோறும் நடக்கும் பந்தயத்தை முடிப்பவர் மிகச் சிலர். தகுதிச் சுற்றில் தேறிய 500 பேர் பிரதான ஓட்டத்தில் இறங்குவார்கள். எல்லையைத் தொடுகிறவர்களை எண்ணச் சில வருஷங்களில் இரண்டு கை விரல்கள் போதும். டை ட்ரிமேன், லிண்டன் பாஸ்கிட் என்ற இரு வீரர்கள் ஆல்ட்டா வண்டிகளில் அந்த மலைமேல் ஏறப் புறப்பட்டார்கள். பாட்டரி வண்டி மலை ஏறுமா என்ற கேள்வி அதற்கு மேலும் சிரிப்புக்குரியதாக இல்லை.

பணம் என்னும் மலை

இவ்வளவு நன்றாகச் செய்த கம்பெனி இப்பொழுது எப்படி இருக்கிறது என்று நேயர்கள் கேட்பார்கள். அது இப்போது இல்லை.

ரெட்ஷிப்ட் வண்டி முதலில் ஏறக்குறைய 15,000 டாலருக்கு விற்றது. அதே பலமுள்ள பெட்ரோல் வண்டியைப் பத்தாயிரம் டாலருக்குள் வாங்கலாம். 2018-ல் கம்பெனியார் பலத்தை 50 குதிரைச் சக்தியாகக் கூட்டி, விலையை 12,000 டாலருக்கு இறக்கினார்கள். விலை இறங்கினால் விற்பனை கூடும். விற்பனை கூடினால் செல்களையும் அலுமினியத்தையும் மேலும் வாங்க வேண்டும். சாமான் வாங்கியவன் வண்டி விற்றுப் பணம் வரும்வரையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; அதற்குள் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே, வியாபாரம் வளர வளரப் பணத்தின் பசியும் வளர்ந்தது. பள்ளிக்கூட வாத்தியாராகிய எனக்கே விளங்கும் இந்தக் கணக்கு, முதல் போடுகிறவர்களுக்கு விளங்காமலில்லை. ஆனால் அவர்களுக்குப் பொறுமை இருக்க வேண்டுமே! கம்ப்யூட்டருக்குள்ளேயே முடிந்துபோகும் தொழிலில் பணம் போட்டுப் பழகியவர்களுக்கு, இரும்பும் அலுமினியமும் கிடங்கில் அடுக்கிக் கிடக்கும் தொழில் அலுப்பாகத் தோன்றும்.

2018 மார்ச் மாதம் முதல் தேதி ஒரு நல்ல செய்தி வந்தது. ஹார்லி டேவிட்ஸன் என்னும் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் கம்பெனி ஆல்ட்டாவில் முதலீடு செய்திருப்பதாக அறிவித்தது. பெரிய வீட்டுச் சம்பந்தம் கிடைத்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சம்பந்தம் நிலைக்கவில்லை. அதே வருஷம் அக்டோபர் 18-ம் தேதி பிரிஸ்பேன் தொழிற்சாலையில் வேலை நின்றது. தொழிலாளிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நிச்சயதார்த்தத்துக்கும் துக்கத்துக்கும் இடையே எட்டு மாதம்கூட இல்லை.

தோற்றது வண்டியா? இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பெனி நின்றுவிட்டது. பாட்டரி தீரவில்லை, பணம் தீர்ந்தது.

இது ஆல்ட்டாவின் தலைவிதி மட்டுமன்று. ஸ்வீடன் தேசத்தில் 2016-ல் தொடங்கிய ‘கேக்’ என்னும் கம்பெனியும் லேசான, அழகான மின்சார வண்டிகளைக் காட்டுப் பாதைக்கென்று செய்து பேர் வாங்கியது. 2024 பிப்ரவரியில் அதுவும் திவாலாகிப் பின்னர் வேறு கைக்கு மாறிற்று.

எஞ்சியது என்ன?

கம்பெனி மூடினால் எல்லாம் போயிற்று என்று நினைப்பது தவறு. கட்டடம் போகலாம், பெயர்ப் பலகை போகலாம், கற்ற வித்தை போகாது. 2019-ல் கானடா தேசத்தின் பி.ஆர்.பி. கம்பெனி, ஆல்ட்டாவின் காப்புரிமைகளையும் வேறு சில சொத்துக்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்தக் கம்பெனியே 2022-ல் தன் ‘கேன் ஆம்’ மின்சார மோட்டார் சைக்கிள்களை அறிவித்தது. அவற்றுள் ‘ஆரிஜின்’ என்பது மண் பாதைக்கும் சாலைக்கும் பொதுவானது. அதன் பலம் 47 குதிரைச் சக்தி, பாட்டரி 8.9 யூனிட். ஐரோப்பாவில் பார்ஸலோனா நகரத்து ‘ஸ்டார்க்’ கம்பெனி 2021-ல் அறிவித்த ‘வார்க்’ வண்டிக்கு 6 யூனிட் பாட்டரியும் 80 குதிரைச் சக்தியும் உண்டு. ஆல்ட்டாவின் 40 குதிரைச் சக்தியை நினைத்துப் பார்த்தால், அதே அளவுள்ள பாட்டரி சில வருஷங்களுக்குள் எவ்வளவு தேறியிருக்கிறது என்பது தெரியும். முதலில் நடந்தவன் முள்ளை மிதித்தான். பின்னால் வந்தவர்களுக்கு அது ஒற்றையடிப் பாதையாயிற்று.

மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஆல்ட்டா வண்டியை ஆசையோடு வாங்கியவர்கள் கதி என்ன? பெட்ரோல் வண்டி செய்த கம்பெனி மூடினாலும், பிஸ்டனையும் வளையத்தையும் ஊர்க் கொல்லன் எப்படியாவது சரிக்கட்டிவிடுவான். முத்திரையிட்டு மூடிய பாட்டரிப் பெட்டியை, அதுவும் 350 வோல்ட் உறங்கும் பெட்டியை, யார் துணிந்து திறப்பது? வாங்கியவர்கள் தமக்குள் தொடர்பு கொண்டு, உதிரிப் பாகங்களைத் தேடி, அறிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லி, வண்டிகளை ஓட்டி வருகிறார்கள். பாட்டரி வண்டி வாங்குகிறவர் வண்டியை மட்டும் பார்த்தால் போதாது. அதைச் செய்தவன் நிலைப்பானா, நிலைக்காவிட்டால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் வேறு யாராவது இருப்பானா என்பதையும் பார்க்க வேண்டும்.

இதில் நம் தேசத்துக்கும் ஒரு படிப்பினை இருக்கிறது. நம் தெருக்களில் மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிவருகின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் செல்களில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. வெளியில் நம் பெயர் எழுதி, உள்ளே பிறர் சரக்கை வைத்துக்கொள்வதில் பெருமை குறைவுதான். ஆனால் அதற்காகக் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. செல்லை வாங்கினாலும், அதைக் கோக்கும் வித்தையையும் காக்கும் வித்தையையும் நாமே கற்றுக்கொள்ளலாம் என்பதை அந்தப் பிரிஸ்பேன் தொழிற்சாலை காட்டிவிட்டுப் போயிருக்கிறது. வித்தை கையிலிருந்தால் அடுத்த படி செல்லையே செய்வது. அப்படிக் கற்கிற வாலிபர்களுக்கு அவசரப்படாத மூலதனமும், ஒரு முறை தோற்றால் ஏளனம் செய்யாத ஊரும் வேண்டும். பரீட்சையில் தேறாத பையனைக் கண்டால் உதட்டைப் பிதுக்குவதும், கடை மூடியவனைக் கண்டால் கைகொட்டிச் சிரிப்பதும் நம்மிடம் உள்ள கெட்ட வழக்கங்கள். அவற்றை விட்டொழிப்பதற்கு மூலதனம் ஒன்றும் தேவையில்லை.

இவ்வளவையும் மறுநாள் வகுப்பில் சொன்னேன். “பாட்டரி வண்டி மலை ஏறும், அப்பா! அதைச் செய்கிறவன் ஏறவேண்டிய மலைதான் செங்குத்தாக இருக்கிறது” என்று முடித்தேன். அந்த மாணவன் சற்று யோசித்துவிட்டு மறுபடியும் எழுந்தான்.

“அப்படியானால் எங்கள் ஸ்கூட்டர் மட்டும் ஏன் ஸார் பாலத்தில் நின்றது?”

“அதற்கு விஞ்ஞானம் தேவையில்லை. இரவில் படுக்கப் போகுமுன் ஞாபகமாகச் சார்ஜ் போடும்படி உன் தகப்பனாரிடம் சொல்லு” என்றேன்.

வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை அவனும் சேர்ந்து சிரித்தான்.